பேசும்படத்துக்கு ஐம்பது வயது

எங்கள் ஊர்த் திரையரங்கில்
படம் பேசத் தொடங்கி ஐம்பது ஆண்டு என்று
தோரணம் கட்டச் சொன்னார்கள் ராணுவத்தார்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, செப்டம்பர்.
உருகுவே நதியில் வெள்ளம் வடிந்திருந்தது.
முடிதிருத்தகத்தில்கூட
நாங்கள் பேச்சை நிறுத்தி ஏழு வருடம் ஆகியிருந்தது.

நான் அங்கே டிக்கெட் கிழிப்பவன்.
'பேசும்' என்ற சொல்லை
ஏணியில் நின்று ஆணி அடித்தவனும் நான்தான்.
ஒரு மூலை நிற்கவே இல்லை.
காற்றடித்தால் 'படம்' மட்டும் தெரியும்.

விழாவுக்கு அழைத்தார்கள் ஹெர்மெலிந்தா எட்செகராயை.
ஊமைப்படக் காலத்தில்
திரைக்குக் கீழே பியானோ வாசித்தவள்.
காதலுக்கு ஒன்று, துரத்தலுக்கு ஒன்று,
நீரில் மூழ்குகிறவனுக்கு
இடக்கையால் மட்டும் ஒன்று.
முப்பதில் ஒலிபெருக்கி வந்து இறங்கியது
மூன்று மரப்பெட்டிகளில், படகில்.
அந்தச் சனிக்கிழமையே
வயலின் இருவர், புல்லாங்குழல், டிரம், அவள்,
ஐந்து பேருக்கும் கணக்கு முடித்தார் முதலாளி.
"படம் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை
'போ' என்பதுதான்" என்பாள்.
பிறகு கம்பளிக் கிடங்கில்
நாற்பது வருடம் எடை எழுதினாள்.

வாசிக்கப் போகும் இசைக்குப்
பட்டியல் கேட்டார் கேப்டன் பெர்டோமோ.
"அதில் வார்த்தையே கிடையாதே ஐயா" என்றேன்.
"அதுதான் சந்தேகம்" என்றார்.
மூன்று படிகள் எழுதிக் கொடுத்தாள்.
மூன்றிலும் முத்திரை விழுந்தது.

அன்றிரவு முதல் வரிசை முழுக்கத் தொப்பிகள்.
வரவேற்புரை நாற்பது நிமிடம்.
"ஒலி, மனிதகுலத்தின் வெற்றி" என்றார் கேப்டன்.
யாரோ தும்மினார்கள்.
நிறுத்தி, யாரென்று பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

விளக்கணைந்தது.
கிடங்கில் மிஞ்சியிருந்த ஒரே ஊமைச் சுருள்:
ஒருவன் குதிரையில் வருகிறான், மழை பெய்கிறது,
ஒருத்தி ஜன்னலைத் திறந்து என்னவோ சொல்கிறாள்.
ஹெர்மெலிந்தா பியானோ மூடியைத் திறந்தாள்.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினாள்.
கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

வாசிக்கவில்லை.

ப்ரொஜெக்டரின் கடகடப்பு மட்டும்.
குதிரை ஓடுகிறது, குளம்பில் சத்தமில்லை.
கேப்டன் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார்.
வாசிக்காததைத் தடுக்க
அவருடைய புத்தகத்தில் விதி இல்லை.

அப்போதுதான் பால்கனியில் யாரோ
நாக்கைச் சொடுக்கினார்கள்.
டக். டடக். டக்.
இன்னொரு நாக்கு. பிறகு பத்து.
குதிரைக்குக் கால் முளைத்தது.
மழை வந்ததும்
நாற்காலிக் கைகளில் விரல்நுனிகள்,
முதலில் தூறல், பிறகு
முந்நூறு பேர் சேர்ந்து பெய்த அடைமழை.
நானும் பெய்தேன்,
டிக்கெட் கட்டை முழங்காலில் வைத்து.
இருட்டில் எது யார் விரல்?
ஜன்னல்காரி வாய் திறந்தபோது மட்டும்
எல்லாரும் நிறுத்திவிட்டோம்.
அவளுக்குக் குரல் கொடுக்க
யாருக்கும் தைரியம் வரவில்லை.
அந்த இடம் காலியாகவே ஓடிற்று.

மறுநாள் அறிக்கையில்:
"பியானோ பழுது. பார்வையாளர்களிடையே இருமல்."
அதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது?

நவம்பர் கடைசியில் வாக்கெடுப்பு.
அவர்கள் ஆட்சி நிலைக்க அவர்களே எழுதிய சாசனம்:
ஆமாம், அல்லது இல்லை.
அந்த வாரம் வானத்தில் பொட்டு மேகம் கிடையாது.
ஆனாலும் கார்கள்
கண்ணாடித் துடைப்பானை ஓடவிட்டபடி போயின.
இடம், வலம். இடம், வலம்.
யார் தலையும் அசையவில்லை.

வாக்குச்சாவடி வரிசையில் எனக்கு முன்னால் அவள்.
வெளியே வந்ததும் கேட்டேன்:
"அந்த ஜன்னல்காரி என்னதான் சொல்கிறாள், டோன்யா?"
கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னாள்:
"ஒரே ஓர் அசை.
உதடு குவிந்ததை நீ பார்க்கவில்லையா?"

இரவு வானொலியில் எண்ணிக்கை வாசித்தார்கள்.
வாசித்தவன் இரண்டு முறை
தண்ணீர் குடித்தது எங்களுக்குக் கேட்டது.

காலையில் ஏணியைச் சுமந்து போய்
அந்த மூலைக்கு இன்னோர் ஆணி அடித்தேன்.
கோணலாகத்தான் இறங்கியது.
விட்டுவிட்டேன்.